பூசணியா, பரங்கியா?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று கேட்பது நம் நாட்டு வழக்கு. அவ்வளவு பெரிய காய் அது! ஆனால், ‘அந்தப் பூசணிக்காய் எது? வெளியே சாம்பல் பூத்து உள்ளே வெளுத்திருக்குமே, அதுவா? உள்ளே மஞ்சளாக இருக்குமே, அதுவா?’ என்று நம் மன்றத்து நண்பர் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். விடை ஒன்றாக வராது. ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வழக்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு வாதாடுவர். சோற்றில் மறையாத காய் சொல்லில் மறைந்து நிற்பதை அப்போது காண்பீர்கள்.

இது வெறும் சொற்போர் அன்று. விடுதியில் நாமே சமைத்து உண்ணும் நாட்கள் உண்டு. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஒன்றுகூடி இலை போட்டு உண்ணும் நாட்களும் உண்டு. மோர்க்குழம்புக்கு உரிய காயை விட்டு மற்றதை வாங்கினால் குழம்பு கூழாகும். எரிசேரிக்கு உரியதை விட்டு மற்றதை வாங்கினால் கறி நீராகும். கூழும் நீரும் ஆவது போகட்டும். அழகுக்கென்று வளர்த்த காயை அடுப்பில் ஏற்றினால் உயிருக்கே ஊறு நேரலாம். ஆகவே, காயறிந்து வாங்குவது எப்படி என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஒரே லயத்தில் பல பெயர்

நான் பிறந்து வளர்ந்த சின்னக்கானல் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கும் பூப்பாறைக்கும் இடையே உள்ள மலையூர். பூப்பாறையிலிருந்து போடிமெட்டு ஏறி அப்பால் இறங்கினால் போடிநாயக்கனூர். தேயிலைத் தோட்டத்திலும் ஏலத் தோட்டத்திலும் வேலை தேடி நெல்லை, இராமநாதபுரம், மதுரை முதலிய சீமைகளிலிருந்து மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். லயத்தில் ஒரு சுவருக்கு இப்பால் ஒரு மாவட்டம் குடியிருக்கும்; அப்பால் இன்னொரு மாவட்டம் குடியிருக்கும். கடைக்காரரோ மலையாளத்தில் விலை சொல்வார். பூசணியின் பெயர்க் குழப்பத்தை ஆராய இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் வேறு இல்லை.

நெல்லைப் பக்கத்து ஆச்சி ‘தடியங்காய்’ என்றால் அது வெள்ளைக் காய். அதையே வேறு சிலர் ‘கல்யாணப் பூசணி’ என்பர். விருந்துச் சமையலில் அதற்குள்ள இடம் அப்படி. ‘சாம்பல் பூசணி’, ‘நீற்றுப் பூசணி’ என்பனவும் அதுவே. கொங்கு நாட்டார் ‘அரசாணிக்காய்’ என்பது மஞ்சள் காயை. தஞ்சைப் பக்கம் அது ‘பரங்கிக்காய்’. சென்னைக் கடைகளில் ‘மஞ்சள் பூசணி’. சிலர் வாயில் ‘சர்க்கரைப் பூசணி’. யாழ்ப்பாணத்து நண்பரிடம் அடைமொழி இல்லாமல் ‘பூசணிக்காய்’ என்றால் மஞ்சளைத்தான் எடுத்துத் தருவார். வெள்ளையை அவர் ‘நீற்றுப் பூசணி’ என்று பிரித்துச் சொல்வார்.

அண்டை மொழிகளைப் பாருங்கள். மலையாளத்தில் மஞ்சள் காய் ‘மத்தன்’; வெள்ளைக் காய் ‘கும்பளம்’. பாலக்காட்டுப் பக்கம் வெள்ளையை ‘இளவன்’ என்றும் சொல்வர். கன்னடத்தில் ‘கும்பள’ என்பது இரண்டுக்கும் பொது. ‘சிஹி கும்பள’, அதாவது இனிப்புக் கும்பளம், மஞ்சள். ‘பூது கும்பள’, அதாவது சாம்பல் கும்பளம், வெள்ளை. ஆகவே, மைசூர் நண்பர் ஒருவர் நம் ஊர்க் கடையில் ‘கும்பளம்’ என்று மட்டும் கேட்டால், அவர் எண்ணியது ஒன்றாகவும் கையில் வந்தது ஒன்றாகவும் இருக்கலாம். யார் மீதும் குற்றமில்லை. பெயர் ஊருக்கு ஊர் மாறும்; காய் மாறாது. எனவே பெயரை நம்பாமல் காயைப் பார்க்கக் கற்பதே வழி.

இக்கட்டுரையில் குழப்பம் வேண்டா. மஞ்சள் காயைப் ‘பரங்கி’ என்றும், வெள்ளைக் காயை ‘வெண்பூசணி’ என்றும் சொல்லிச் செல்கிறேன்.

பழையது ஒன்று, புதியது ஒன்று

இரண்டும் வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பாகல், பீர்க்கு, சுரை, புடல் ஆகியவையும் அக்குடும்பத்தவையே. ஆனால் பரங்கியும் வெண்பூசணியும் உடன்பிறந்தவை அல்ல. ஒன்றுவிட்ட உறவு என்றே சொல்ல வேண்டும். தாவர நூலார் வெண்பூசணியைப் ‘பெனின்காசா ஹிஸ்பிடா’ என்பர். அது ஆசியக் கண்டத்துக்கே உரிய பழைய கொடி. பரங்கியோ ‘குக்கர்பிட்டா’ என்னும் வேறொரு பேரினம். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டு வாகாக்கா மாநிலத்தில் கிலா நகிட்ஸ் என்ற குகையில் கிடைத்த அதன் விதைகளை ஆராய்ந்த புரூஸ் ஸ்மித் என்ற அறிஞர், அவை ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் வளர்த்தவை என்று 1997-இல் எடுத்துக்காட்டினார். மக்காச்சோளம் மனிதர் கைக்கு வருவதற்கு முன்பே அங்கே பூசணி வந்துவிட்டது.

1492-இல் கொலம்பஸ் கடல் கடந்தார். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். அதன்பின் ஐரோப்பியர் கப்பல்களின் வழியே மிளகாயும் கொய்யாவும் மக்காச்சோளமும் நம் நாட்டுக்கு வந்தன. பரங்கியும் அவ்வாறே வந்தது. அந்நிய நாட்டாரைப் ‘பரங்கியர்’ என்று அழைத்த நம் மக்கள், அவர்கள் வழியே வந்த காய்க்கும் அப்பெயரையே சூட்டினர். சென்னையை அடுத்த பரங்கிமலைக்கும் பரங்கிக்காய்க்கும் உள்ள உறவு இதுவே. வெளியூரிலிருந்து வந்தது என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கும் இந்தக் காய், இன்று தமிழர் பொங்கல் குழம்பில் தலைமை தாங்குகிறது. மலையாளியின் ஓண விருந்தில் எரிசேரியாகப் பரிமாறப்படுகிறது. குடியேறி வந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்தக் காயின் மீது தனிப் பற்று இருப்பதில் வியப்பில்லை அன்றோ?

காம்பு சொல்லும் உண்மை

பரங்கியையும் வெண்பூசணியையும் பிரித்தறிவது எளிது. முற்றிய வெண்பூசணியின் மேல் விரலை இழுத்தால் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொள்ளும். அது தூசியன்று, காய் தன் தோலில் தானே சுரந்து பூசிக்கொண்ட மெழுகு. பிஞ்சாக இருக்கும்போது மேலே சொரசொரப்பான மயிர் இருக்கும். முற்ற முற்ற மயிர் உதிர்ந்து மெழுகு படியும். வெட்டினால் சதை வெண்மை. பரங்கியில் இந்தச் சாம்பல் பூச்சு பெரும்பாலும் இராது. வெட்டினால் சதை மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ இருக்கும்.

பரங்கியிலும் இனங்கள் பல என்பதுதான் அடுத்த சிக்கல். உலகச் சந்தையில் பெரிதும் காணப்படுவன மூன்று: மாஸ்கேட்டா, மாக்சிமா, பெப்போ. நம் நாட்டில் மிகுதியாக விளைவது மாஸ்கேட்டா. இம்மூன்றையும் பிரித்தறியத் தாவர நூலார் பார்ப்பது காயின் நிறத்தையோ உருவத்தையோ அன்று, காம்பைத்தான்! காம்பு ஐந்து பட்டையாக, கெட்டியாக, காயோடு சேரும் இடத்தில் பூப்போல் விரிந்து படர்ந்திருந்தால் அது மாஸ்கேட்டா. உருண்டு திரண்டு, தக்கை போல் மென்மையாகப் பருத்திருந்தால் மாக்சிமா. ஐந்து பட்டையாகக் கெட்டியாக இருந்தும் அடியில் அவ்வாறு விரியாமல் நின்றால் பெப்போ. நிறமும் உருவமும் ஒரே இனத்துக்குள்ளேயே நூறு விதமாக மாறும். காம்போ எளிதில் பொய் சொல்லாது.

மாக்சிமா என்பதற்கு ‘மிகப் பெரியது’ என்று பொருள். மேனாட்டுப் போட்டிகளில் பாரந்தூக்கி கொண்டு தூக்கிவரும் பூதப் பூசணிகள் இந்த இனத்தவையே. 2023-இல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே என்ற ஊரில் நிறுத்திய காய் ஒன்று 1,247 கிலோ இருந்தது. இதைச் சோற்றில் மறைக்க ஒரு மலையளவு சோறு வேண்டும்! ஆனால் மாக்சிமா எல்லாம் பூதம் அல்ல. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ‘அர்கா சூர்யமுகி’ இந்த இனமே. அதன் காய் ஏறத்தாழ ஒரு கிலோதான். அதே நிறுவனத்தின் ‘அர்கா சந்தன்’ மாஸ்கேட்டா இனத்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரங்கி வகைகளில் ‘கோ.1’ ஏழெட்டுக் கிலோ காய்க்கும், ‘கோ.2’ ஒன்றரை முதல் இரண்டு கிலோ. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் ‘அம்பிலி’, ‘சுவர்ணா’, ‘சரஸ்’, ‘சூரஜ்’ ஆகிய பரங்கி வகைகளைத் தந்துள்ளது. விடுதி அறையில் இருவர் மூவராகச் சமைப்போருக்குச் சிறுகாய் வகை. விருந்துக்குப் பெருங்காய் வகை. இதுவும் தேர்வில் ஒரு பகுதியே.

அடுப்பில் நடப்பது என்ன?

வெண்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். மாவுப்பொருள் மிகக் குறைவு. அதனால் வெந்தபின் கண்ணாடி போல் தெளிந்து, துண்டு துண்டாகவே நிற்கும்; தனக்கென்று வலிய சுவை இல்லாததால் சேர்ந்த குழம்பின் சுவையை ஏற்றுக்கொள்ளும். மோர்க்குழம்பு, பருப்புக் கூட்டு, தயிர்ப் பச்சடி, தேங்காய்ப்பாலும் பயறும் சேர்த்த ஓலன் ஆகியவற்றுக்கு அதுவே உரியது. சீவிப் பிழிந்து சர்க்கரையில் கிளறினால் காசி அல்வா. கோடையில் வடகமும் இடுவர்.

பரங்கியில் மாவுப்பொருளும் சர்க்கரையும் உண்டு. முற்றிய பரங்கி வெந்ததும் அதன் அணுவறைகள் ஒன்றைவிட்டு ஒன்று எளிதில் பிரியும். கரண்டியால் அழுத்தினால் மசிந்துவிடும். எரிசேரிக்கு வேண்டியது அந்த மசிவே. பயறும் மசிந்த பரங்கியும் வறுத்த தேங்காயும் ஒன்றிக் கெட்டியாக வரவேண்டுமானால் வெண்பூசணியால் ஆகாது. புளிக்குழம்புக்கும் பொங்கல் குழம்புக்கும் பரங்கியின் இனிப்பு புளிக்கு எதிர்ச்சுவையாக நின்று அழகு செய்யும். பால் கூட்டுக்கு மட்டும் முற்றலை விட்டு இளம் பரங்கிக் கொட்டையைத் தேடுக. சாம்பாருக்கு இரண்டும் ஆகும்.

இங்கே ஒரு சிறு வேதியியல். காய்கறியின் அணுவறைகளை ஒட்டவைத்திருக்கும் பசைக்குப் பெக்டின் என்று பெயர். சூட்டில் பெக்டின் கரைவதால்தான் காய் வேகிறது. புளிப்பு அந்தக் கரைதலைத் தாமதப்படுத்தும். ஆகவே, புளிக்குழம்பில் பரங்கித் துண்டுகள் குழையாமல் நிற்க வேண்டுமானால் புளிக்கரைசலை முன்னதாகவே ஊற்றலாம். மெத்தென்று வேண்டுமானால் காய் வெந்தபின் ஊற்ற வேண்டும். சுண்ணாம்போ பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கும். வெண்பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துக் கழுவி, பின் சர்க்கரைப் பாகில் இடுவதால்தான் ஆக்ரா நகரத்துப் ‘பேட்டா’ மிட்டாய் கடிக்கும்போது நறுக்கென்று இருக்கிறது. பாட்டிமார் கைப்பழக்கத்தில் கண்டதை நாம் பாடநூலில் படித்துப் பெயர் சொல்கிறோம், அவ்வளவே.

உணவுப் பொருளாகப் பார்த்தாலும் ஒன்றற்கு ஒன்று ஈடாகாது. பரங்கியின் ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின் முதலிய நிறமிகளால் வருவது. நம் உடல் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். அச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் முதலிய கண்நோய்கள் வரும். மஞ்சள் வெளிறிய பத்தையைவிட ஆழ்ந்த ஆரஞ்சு நிறப் பத்தையில் இந்தச் சத்து மிகுதி. இது எண்ணெயில் கரைவது. ஆதலால் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடல் நன்கு ஏற்கும். தேங்காயும் தாளிப்பு எண்ணெயும் சேர்ந்த எரிசேரி இவ்வகையில் அறிவான சமையல். வெண்பூசணியின் வெள்ளைச் சதையில் இந்த நிறமி இல்லை. லயத்து வீட்டுக் குழந்தைக்கு விலை மலிவாகக் கிடைக்கும் நல்லுணவைத் தேர்ந்துகொடுக்க விரும்பும் தாய்க்கு, ‘நிறம் ஆழ்ந்ததை எடு அம்மா’ என்று சொல்லும் கடமை படித்த நமக்கு உண்டு.

கடையில் பார்க்க வேண்டியவை

முழுக்காய் வாங்கும்போது முதலில் காம்பைப் பாருங்கள். காம்பு காய்ந்து கட்டைபோல் ஆகியிருந்தால் காய் கொடியிலேயே முற்றியது. காம்பு ஒடிந்து விழுந்த காயில் அந்த வடுவின் வழியே அழுகல் புகும். நாளாகக் காத்துவைக்க அது உதவாது. அடுத்து நகத்தால் தோலைக் கீறுங்கள். முற்றிய தோலில் நகம் எளிதில் இறங்காது. கையில் தூக்கிப் பாருங்கள். பருமனுக்கு ஏற்ற கனம் வேண்டும். ஊசி குத்தியது போன்ற புள்ளியும் அதில் பிசின் உறைந்த அடையாளமும் தெரிந்தால் காயை வைத்துவிடுங்கள். அது பழ ஈ முட்டையிட்ட இடம். உள்ளே புழு இருக்கும்.

பத்தையாக வாங்கினால் காயின் உள்ளத்தையே கண்டு வாங்கலாம். சதை இறுகியிருக்க வேண்டும். வெட்டிய முகத்தில் கொழகொழப்போ புளித்த வாடையோ கூடாது. விதை பருத்திருந்தால் காய் முற்றல். தட்டையாகச் சப்பியிருந்தால் இளசு. எது வேண்டும் என்பதை நீங்கள் சமைக்கப்போகும் கறி சொல்லும்.

முற்றிய பரங்கியை உடனே வெட்ட வேண்டும் என்பதில்லை. வைத்திருக்கும் நாளில் அதன் மாவுப்பொருள் சிறிது சிறிதாகச் சர்க்கரையாகும். சில வாரம் இருந்த காய் இன்னும் இனிக்கும். முழுக்காய்க்குக் குளிர்பெட்டி வேண்டா. 10 முதல் 13 பாகை வரையுள்ள உலர்ந்த காற்றோட்டமே அதற்கு உகந்தது. 10 பாகைக்குக் கீழே நெடுநாள் இருந்தால் குளிர்க்காயம் பட்டு அழுகத் தொடங்கும். வெட்டிய பத்தையைத்தான் மூடிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். கேரளத்துப் பழைய வீடுகளில் கும்பளத்தையும் மத்தனையும் கயிற்றில் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவர். ஈரத்தரை படாமல், நாற்புறமும் காற்று படும்படி வைக்கும் அந்த முறையில் அறிவியல் குறை காண இடமில்லை. மழை ஓயாத மலைநாட்டில் தரையில் உருட்டிவிட்ட காய் எத்தனை நாள் தாங்கும்?

அழகுக்கு எது?

அலங்காரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது மார்கழிக் கோலத்தில் சாணப்பிள்ளையார் மேல் செருகும் பூசணிப் பூ. ஓணத்தின் அத்தப்பூக் களத்திலும் மத்தப்பூவுக்கு இடம் உண்டு. ஒரு கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே மலரும். இதழுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண்பூ. மெல்லிய நீண்ட காம்பு மட்டும் இருந்தால் ஆண்பூ. கோலத்துக்கு ஆண்பூவையே பறிக்க வேண்டும். பெண்பூவைப் பறித்தால் ஒரு காயைப் பறித்தது போலாகும். ஆண்பூ எண்ணிக்கையில் மிகுதி. ஆனாலும் எல்லாவற்றையும் பறித்துவிட்டால் தேனீ எதிலிருந்து மகரந்தம் எடுக்கும்? பூ விடியலில் விரிந்து முற்பகலிலேயே வாடும். அந்தச் சில மணி நேரத்தில்தான் கொடியின் குடும்பம் நடக்கிறது. எங்கள் மலையில் மார்கழி உறைபனி விழுந்தால் கொடியே கருகிவிடும். கோலத்துக்குச் சாமந்தி வைத்து அமைதி கொள்வோம்.

வீட்டு முன்னும் கட்டடப் பணியிடங்களிலும் முகம் எழுதித் தொங்கவிடுவது வெண்பூசணி. நம்பிக்கையைப் பற்றி இங்கே வழக்காட வரவில்லை. காயைப் பற்றிப் பேசுவோம். தொங்கவிட வெண்பூசணியைத் தேர்ந்தவர் காயறிந்தவரே. முற்றிய காயின் மெழுகுப் பூச்சு உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும் வெளியிலிருந்து பூஞ்சை புகாமலும் காக்கும், மாதக்கணக்கில் கெடாது. மெழுகு படியாத இளங்காயைத் தொங்கவிட்டால் சில நாளில் அழுகி வாசலில் ஒழுகும். ஆயுத பூசையன்று நடுத்தெருவில் உடைப்பது மட்டும் வேறு செய்தி. சிதறிய சதை வழுக்கி இருசக்கர வண்டியில் வருவோர் விழுவது உண்டு. உடைப்பவர் ஓரமாக உடைத்து, துண்டுகளைத் தாமே வாரி அப்புறப்படுத்தினால், கண்ணேறு போகும் முன் கால் எலும்பு போகாது!

மேனாட்டார் அக்டோபர் 31-இல் ஹாலோவீன் நாளுக்காகப் பூசணியைக் குடைந்து விளக்கு வைப்பர். அயர்லாந்தில் முதலில் குடைந்தது டர்னிப் கிழங்கை. அமெரிக்காவில் குடியேறியவர்கள் அங்கே மலிந்து கிடந்த பூசணியைக் கையில் எடுத்தனர். இதற்கென்று அவர்கள் வளர்க்கும் ‘ஹௌடன்’ போன்றவை பெப்போ இனத்தவை. கைப்பிடி போன்ற காம்பு, மெலிந்த சதை, மிகுந்த நீர், குறைந்த சுவை. அவர்களும் அதைக் கறிக்கு விரும்புவதில்லை. டப்பாவில் அடைத்து விற்கும் பூசணி விழுதுக்கு அங்கே பெரிதும் பயன்படுவது ‘டிக்கின்சன்’ என்னும் வகை. அது மாஸ்கேட்டா, நம் பரங்கியின் சொந்தக்காரன். அழகுக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று என்று அவர்களும் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

நம் விழா மேடையில் காய் செதுக்க விரும்புவோர் பரங்கியையே எடுக்கலாம். அடி தட்டையாக, உருளாமல் உட்காரும் காய் வேண்டும். பூவேலைப்பாடு செதுக்கத் தடித்த சதையுள்ள காய். விளக்கு வைக்கச் சதை மெலிந்த காய். செதுக்கும் முன் வழித்தெடுத்த சதையை அன்றைய குழம்புக்கே அனுப்பலாம். வெட்டி வைத்து வாடிய பின் அனுப்பலாகாது.

கசந்தால் துப்பிவிடு

இனி, இக்கட்டுரையில் மறக்கக்கூடாத ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளரிக் குடும்பத்துக் காட்டுக் கொடிகள் தம்மைத் தின்ன வரும் உயிர்களை விரட்டக் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சைச் சுரக்கும். பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் கசப்பில்லாத காயின் விதையையே தேர்ந்து விதைத்ததால் வீட்டுக் காய்களில் அந்நஞ்சு அடங்கியது. ஆனால், அழகுக்கென்று வளர்க்கும் பல நிறச் சிறு பெப்போக் காய்களில் அது இன்றும் உண்டு. அவற்றை உண்ணலாகாது. அவற்றின் மகரந்தம் பக்கத்திலுள்ள உண்ணும் பெப்போக் கொடிக்குச் சென்றால், அந்த ஆண்டுக் காய் கெடாது. அக்காயின் விதையை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால் நஞ்சுக்காய் காய்க்கலாம். பார்வைக்கு வேற்றுமை தெரியாது.

2015-இல் செருமனி நாட்டு ஹைடன்ஹைம் ஊரில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினிக் காயைச் சமைத்து உண்ட 79 வயது முதியவர் ஒருவர் உயிரிழந்தார். சுக்கினியும் பெப்போ இனமே. நம் நாட்டிலும் கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்கள் இறந்த செய்திகள் வந்தன. அதை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த நிபுணர் குழுவின் முடிவுகள் 2012-இல் வெளியாயின. சாறு எடுக்கும் முன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் எறிந்துவிட வேண்டும். குடித்தபின் குமட்டலோ வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் அறிவுரை.

இந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மசாலாவும் வெல்லமும் கசப்பை மறைக்கலாம், நஞ்சை அகற்றா. பாகற்காய் கசப்பது இயல்பு. அதன் கசப்புப் பொருள் வேறு. பரங்கியோ வெண்பூசணியோ சுரையோ கசந்தால் அது இயல்பன்று. ‘காசு கொடுத்து வாங்கியதாயிற்றே’ என்று விழுங்காதீர்கள். கேரளத்தில் ‘நெய்க்கும்பளம்’ என்று ஒரு சிறுகாய் வெண்பூசணி உண்டு. அது மருத்துவர் மருந்துக்குத் தேடுவது. சிறிதாக அழகாக இருக்கிறதே என்று கூட்டுக்கு வாங்குவதற்கு உரியது அன்று.

முடிவாக

நண்பர்களே, காய் வாங்கப் போகும்போது மூன்று கேள்விகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். எதற்கு வாங்குகிறேன்? எந்த இனம்? எந்தப் பருவம்? துண்டாக நிற்க வேண்டுமானால் வெண்பூசணி, மசிய வேண்டுமானால் முற்றிய பரங்கி, பால் கூட்டுக்கு இளசு, கோலத்துக்கு ஆண்பூ, தொங்கவிட மெழுகு படிந்த காய், அழகுக்கென்று விற்பது அழகுக்கு மட்டும். பெயர் சொல்லிக் கேட்டுக் குழம்பினால், கூச்சப்படாமல் விரலால் சுட்டிக் காட்டுங்கள். கடைக்காரர் எந்த மொழி பேசினாலும் அது புரியும்.

நம் மன்றத்தில் நெல்லையும் கொங்கும் தஞ்சையும் ஈழமும் மலைத்தோட்டமும் ஓரிலையில் அமர்ந்து உண்கின்றன. தடியங்காய் என்றும் கல்யாணப் பூசணி என்றும் அவரவர் வழக்கு அப்படியே வாழட்டும். ஒருவர் சொல்லை மற்றவர் கற்றுக்கொள்வதே தமிழுக்கு வரவு. வரும் பொங்கல் விருந்துக்குக் காய் வாங்கும் பொறுப்பை ஏற்கும் நண்பர் மட்டும் புறப்படும் முன், சமையல் செய்வோரிடம் ‘உள்ளே மஞ்சளா, வெள்ளையா?’ என்று ஒரு சொல் கேட்டுவிட்டுப் போவாராக.